ஆகாய வழி இருபது நிமிஷம்

கருங்காட்டுப்பாளையம், திருச்செங்கோடு தாலுகா
வெகுதானிய வருஷம், ஆடி 24

சௌபாக்கியவதி பூவாத்தாளுக்குச் செங்கோடன் எழுதுவது.

இங்கு நான் சுகம். ஆடிப்பெருக்குக்குப் பிறந்த வீடு போன பெண்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நீ மட்டும் வரவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம், "தம்பி கல்யாணத்தை முடிச்சுட்டுத்தான் வருவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராசப்பன் கல்யாணம் ஆவணி 22 புதன்கிழமை. அதற்கு இப்போதே போய் உட்கார்ந்து என்ன செய்கிறாய்? பந்தக்கால் காவலா?

கொறங்காட்டைச் சமன் செய்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். உன் எருமைக்கு மேய்ச்சல் போய்விட்டதாம். எருமை எங்கே விட்டாலும் மேயும். ஆகாய விமானம் கண்ட இடத்தில் இறங்குமா? சேலம் பொருட்காட்சியில் டிசில்வா துரை என்னை விமானத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாரே, அன்றைக்கே சொன்னார்: "தரை மட்டமா இருந்தா உங்க ஊருக்கே வந்து எறங்குவேன், கவுண்டரே." மட்டமாக்கித் தருகிறேன் என்றேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இப்போது ஜில்லாவிலேயே சொந்தமாக விமான நிலையம் வைத்திருக்கிற குடியானவன் நான் ஒருவன்தான்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரிய, கம்பத்தில் ஒரு நீளமான துணிப்பை கட்ட வேண்டும் என்றார். உன் பெட்டியில் இருந்த செம்மஞ்சள் சேலையை எடுத்துத் தைத்துவிட்டேன். எட்டத்தில் இருந்தே பளிச்சென்று தெரிகிறது. நீ பார்த்தால் பூரித்துப் போவாய்.

முக்கியமான சங்கதி. துரை தேசப்படத்தை விரித்து அளந்து பார்த்தார். ரோட்டில் சங்ககிரி, சேலம், ஓமலூர் என்று சுற்றிக்கொண்டு உன் ஊருக்கு நாற்பது மைல். நேராக நூல் பிடித்தால் இருபத்தாறே மைல். விமானம் மணிக்கு எண்பது மைல் போகும். கணக்குப் போட்டுப் பார். இருபது நிமிஷம்! ராசப்பன் கல்யாணத்துக்கு நான் ஆகாயத்தில் வருகிறேன்.

செங்கோடன்

*

நல்லாம்பட்டி, ஓமலூர் தாலுகா
ஆடி 29

மாமாவுக்குப் பூவாத்தாள் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் எருமை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தச் செம்மஞ்சள் சேலை என் அம்மா எடுத்துக் கொடுத்தது. தம்பி கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். அதைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, பூரித்துப் போவாய் என்கிறீர்கள். நன்றாகப் பூரித்தேன்.

மாமா, உங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபது நிமிஷம். எனக்கு உலை கொதிக்க ஆகிற நேரம். நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தபோது, "தூரம் புள்ளே, வெள்ளாமை முடியட்டும்" என்றீர்கள். அம்மா விழுந்து கை பிசகினபோதும் தூரம். சின்னுசாமி அண்ணன் கல்யாணத்துக்கு, "தூரந்தான், ஆனா பொழுதோட போயிடலாம்" என்று சொல்லி, போகிற வழியில் சங்ககிரிச் சந்தையில் காளைக்குப் பல் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் வண்டியை விட்டு இறங்கியபோது மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவள் நான் இருக்க, என் அண்ணன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்தது சித்தப்பா மகள் பாப்பாயி. கூடப் பிறந்தவள் ஏந்த வேண்டிய கூறைச்சேலைக் கூடையை நான் தொடக்கூட இல்லை. அன்றைக்கு நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காளையை மெச்சிக்கொண்டிருந்தீர்கள்.

அதனால்தான் இந்தத் தடவை முன்கூட்டியே வந்துவிட்டேன். ராசப்பனுக்கு இணைச்சீர் நான்தான் செய்வேன். அது முடிவதற்குள் நீங்கள் பந்தலில் இருக்க வேண்டும். வண்டியில் வருவீர்களோ, பஸ்ஸில் வருவீர்களோ, அது உங்கள் பாடு. இல்லாவிட்டால் நான் கருங்காட்டுப்பாளையம் திரும்ப மாட்டேன். இதை அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். "யோசிச்சுப் பேசு சாமி" என்றார். யோசித்துத்தான் பேசுகிறேன்.

பூவாத்தாள்

*

கருங்காட்டுப்பாளையம்
ஆவணி 4

பூவாத்தாளுக்கு,

உன் எருமை சுகம். விமான நிலையத்தின் நட்ட நடுவில் படுத்து அசை போடுகிறது. விரட்டினாலும் போகவில்லை. உன் ஊர்ப் பிடிவாதம் அதற்கும் இருக்கிறது.

இணைச்சீர் முடிவதற்குள் என்ன, ஆரம்பிப்பதற்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பேன். வண்டியில் வந்தால்தானே சந்தையும் காளையும் வழியில் வரும்? ஆகாயத்தில் நான் நிற்பதற்கு என்ன இருக்கிறது? உன் கவலை தீரத்தான் இந்த ஏற்பாடே.

உன் பக்கத்தில் இறங்க ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊர் ஏரி இப்போது வறண்டுதான் கிடக்கும். முள்ளை வெட்டி, மேடு பள்ளத்தைத் தட்டிவிடச் சொல். கல்யாணத்தன்று விடியற்காலையில் ஓர் ஓரமாக வரட்டியும் பச்சைத் தழையும் போட்டு நன்றாகப் புகை மூட்ட வேண்டும். ஏரி நடுவில் வெள்ளை வேட்டிகளை வட்டமாக விரித்து, நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். துரை மேலே இருந்து வெள்ளையைப் பார்த்து இறங்குவார். எருமை ஆடு எதையும் உள்ளே விடக் கூடாது.

இதை எல்லாம் உன் அப்பாவிடம் பக்குவமாகச் சொல். நம் இரண்டு ஊருக்கும் இதனால் பேர் வரும்.

செங்கோடன்

*

நல்லாம்பட்டி
ஆவணி 10

மாமாவுக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். அப்பா, "மாப்பிள்ளைக்கு மண்டையில அடிகிடி பட்டுதா சாமி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப யாராச்சும் மருந்து வெச்சிருப்பாங்க" என்று சொல்லி, வேப்பிலை அடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

ஆனால் விஷயம் வெளியே போய்விட்டது. இப்போது கல்யாண வேலை ஒன்றும் நடக்கவில்லை. பந்தலுக்கு மூங்கில் வெட்டப் போன ஆட்கள் எல்லாம் ஏரியில் முள் வெட்டுகிறார்கள். "ஆகாயத்துல வாரவங்க பசியோட வருவாங்களா, சாப்பிட்டுட்டு வருவாங்களா?" என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்தால் போதுமா, விமானத்துக்கும் எடுக்க வேண்டுமா என்று பாப்பாயி கேட்கிறாள். கல்யாண மாப்பிள்ளையான ராசப்பனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகம் வாடிப்போய்த் திரிகிறான்.

வட்டமாக விரிக்கச் சொல்லிவிட்டு நான்கு மூலையில் கல் வைக்கச் சொல்கிறீர்கள். வட்டத்துக்கு ஏது மாமா மூலை? தெரியாமல்தான் கேட்கிறேன்.

சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். இந்த ஆகாயம் எல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் நாளே வண்டி கட்டி வந்துவிடுங்கள். மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அம்மா உங்களுக்காகப் புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். சொல்லிவிட்டேன்.

பூவாத்தாள்

*

கருங்காட்டுப்பாளையம்
ஆவணி 18

பூவாத்தாளுக்கு,

பயப்படாதே. துரை சண்டைக்கே விமானம் ஓட்டினவர். கல்யாணத்துக்கு ஓட்டுவது அவருக்கு ஒரு பொருட்டா?

ஆனால் வேறொரு சிக்கல் வந்து நல்லபடியாகத் தீர்ந்தது. கல்யாணம் புதன்கிழமை. புதன்கிழமை வடக்கே சூலம். உன் ஊர் எனக்கு வடக்கே. சூலத்துக்கு எதிரே போனால் போன காரியம் விளங்குமா? சூலம் தரையில் மட்டும் நிற்கிறதா, ஆகாயத்திலும் நிற்கிறதா என்று பஞ்சாங்கத்து ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "பறவைக்குச் சூலம் கிடையாது. ஆனா நீர் பறவை இல்லையே" என்றார். சரி, கிழக்கே போய்ச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று துரையைக் கேட்டேன். பெட்ரோலை யார் குடிக்கிறது என்று அவர் கத்தினார்.

கடைசியில் ஐயரே வழி சொன்னார். பரஸ்தானம் வைத்துவிட்டேன்! நம் உடைமையை நல்ல நாளில் முன்னால் அனுப்பிப் போகிற வழியில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால், நாமே அன்றைக்குப் புறப்பட்டதாகத்தானே கணக்கு? இன்றைக்குச் சனிக்கிழமை, வடக்கே தடை இல்லை. என் பட்டு வேட்டி, சரிகைத் துண்டு, தலைப்பாகை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துச் சங்ககிரியில் கைலாசம் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போகிற வழிதான், எடுத்துக்கொள்ளலாம். சாஸ்திரப்படி நான் புறப்பட்டாகிவிட்டது. மிச்சத் தோஷத்துக்குப் புதனன்று கிளம்புகிறபோது பால் குடிக்கச் சொன்னார். உன் எருமையில் கறந்து ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டே ஏறுவேன்.

செங்கோடன்

*

நல்லாம்பட்டி
ஆவணி 20

மாமாவுக்கு,

இந்தக் கார்டு உங்களுக்குக் கிடைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெட்டி சங்ககிரியில் தரையில் இருக்கிறது. நீங்கள் சங்ககிரிக்கு மேலே போகிறீர்கள். எப்படி மாமா எடுப்பீர்கள்? துரையைக் கைலாசம் அண்ணன் கூரை மேல் இறக்கச் சொல்வீர்களா?

பந்தலுக்கு என்ன கட்டிக்கொண்டு வருவீர்கள்? எதைக் கட்டினாலும் சரி, உயிரோடு வந்து சேருங்கள்.

பூவாத்தாள்

*

கருங்காட்டுப்பாளையம்
புரட்டாசி 8

நல்லாம்பட்டியில் என் பிறந்த வீட்டில் கட்டிலில் இருக்கும் மாமாவுக்குப் பூவாத்தாள் எழுதுவது.

நான் ஊர் வந்து சேர்ந்தேன். கடலைக்காய் பறிக்கிற பதமாகிவிட்டது. உங்களை விட்டுவிட்டு வரும்படி ஆகிவிட்டதே என்று வழி முழுக்க மனசு கேட்கவில்லை. ஆனால் கடலை காத்திருக்காது, கால் எலும்பு காத்திருக்கும். வைத்தியர் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அசையாமல் இருங்கள்.

இங்கே ஊரே வாசலில் வந்து உட்கார்ந்து, "என்னாச்சு, ஏதாச்சு" என்று பிடுங்குகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்த பிறகு மாற்றிச் சொல்லி என் மானத்தை வாங்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

விமானம் சொன்னபடி இருபது நிமிஷத்தில் வந்து இறங்கியது. இது நிஜம்தான். எந்த ஏரியில் இறங்கியது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரார் வெட்டிச் சமன் செய்த ஏரியில் இல்லை, அதற்கு ஐந்து மைல் அப்பால், மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கியிருக்க, துணி வெளுக்கிறவர்கள் கரையெல்லாம் வேட்டி காயப்போட்டு, வெள்ளாவிக்குப் புகை போட்டிருந்த ஏரியில் என்று சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளையும் புகையும் கண்டு துரை இறங்கியது அவர் தப்பும் இல்லை. நாங்கள் அங்கே புகை மூட்டி அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நீங்கள் குடித்த பால் ஆகாயத்திலேயே துரையின் முதுகில் என்ன ஆனது என்பதையும் சொல்லவில்லை.

இறங்கின வேகத்தில் ஓடி, ஏரி வெடிப்பில் கால் சிக்கி ஒடிந்ததை, "விமானத்துல இருந்து எறங்கும்போது" என்று சுருக்கிவிட்டேன். கௌரவமாக இருக்கிறது.

பழைய வேட்டியும் துரை கொடுத்த தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நீங்கள் பந்தலில் நுழைந்ததை, விமானக்காரர்களின் உடுப்பு என்று சொல்லியிருக்கிறேன். கூத்துக் கோமாளியை யார் வரச்சொன்னது என்று பெண் வீட்டார் கேட்டது நமக்குள் இருக்கட்டும்.

கழுதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கால் ஒடிந்த மனுஷனுக்கு அந்தப் புண்ணியவான்கள் தங்கள் கழுதையைக் கொடுத்தார்கள், ஐந்து மைலும் கூடவே நடந்து வந்தார்கள். அவர்களுக்கு வேட்டி துண்டு வைத்துக் கும்பிட்டு அனுப்பினேன். ஆனாலும் கவுண்டர் கழுதை மேல் வந்தார் என்றால் இந்த ஊர் நூறு வருஷம் பேசும். இருபது நிமிஷம் ஆகாயத்தில், மூன்று மணி நேரம் கழுதையில். நீங்களும் வாய் திறக்க வேண்டாம்.

உங்கள் விமான நிலையத்தில் நல்ல மழை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. எருமை உள்ளேயே இருக்கிறது.

பூவாத்தாள்

*

நல்லாம்பட்டி
புரட்டாசி 14

பூவாத்தாளுக்கு,

மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் கழுதையை மறைப்பது கஷ்டம். இங்கே சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் "கழுதை விமானம் மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் அம்மா என்னை எழுந்திருக்க விடுவதில்லை. காலையில் கம்பங்கூழ், மத்தியானம் நாட்டுக்கோழிச் சாறு, சாயங்காலம் பணியாரம். புதுப் பாய் கட்டில் மேல் விரித்திருக்கிறது. உன் அப்பா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வழக்கு எல்லாம் சொல்கிறார். பொல்லாத மனுஷன் என்று நினைத்திருந்தேன். பேசிப் பார்த்ததே இல்லை.

உன் அம்மா ஒன்று சொன்னார்கள். கல்யாணத்தன்று நேரம் ஆகிறது, ஆகிறது என்று சீர் நடத்துகிற அருமைக்காரர் அவசரப்படுத்தினாராம். நீ, கொண்டை சரியாக இல்லை என்று மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாயாம். பிறகு கூடை கனக்கிறது, வேறு கூடை வேண்டும் என்றாயாம். கூறைச்சேலை ஒன்று மட்டும் இருக்கிற கூடை எப்படியடி கனக்கும் என்று பாப்பாயி கேட்டாளாம். நீ பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். நான் உள்ளே வந்தபோது நீ கூடையோடு ராசப்பன் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாயே, அது கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் வண்டியில் வந்தால் குலுங்கும். கொஞ்சம் தூரம்தானே. ஐப்பசியில் பார்க்கலாம்.

செங்கோடன்

*

கருங்காட்டுப்பாளையம்
புரட்டாசி 18

மாமாவுக்கு,

என்ன எழுதினீர்கள்? தூரமா?

இருபது நிமிஷம் என்று உங்கள் கையெழுத்தில் எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு ராமாயி அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் தொழுவத்தில் கட்டியிருந்த கன்று மிரண்டது.

கொண்டை அவிழ்ந்தால் கட்டத்தான் வேண்டும். கனக்கிற கூடை கனக்கத்தான் செய்யும். அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. கடலைக்காய் பறித்தாகிவிட்டது, காயவும் போட்டாகிவிட்டது. எப்போது வருகிறீர்கள் என்று ஒழுங்காக எழுதுங்கள்.

பூவாத்தாள்

*

நல்லாம்பட்டி
புரட்டாசி 23

பூவாத்தாளுக்கு,

வேடிக்கைக்குத்தான் எழுதினேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இருக்க முடியவில்லை.

பொழுது சாய்ந்தால் கம்பை ஊன்றிக்கொண்டு களத்து மேட்டுக்குப் போகிறேன். அங்கே நின்று தெற்கே பார்க்கிறேன். சங்ககிரி மலைக்கும் அந்தண்டை நம் வீடு. மலைகூடத் தெரிகிறதில்லை, வெறும் மேகம்தான். இன்னேரம் நீ பால் கறந்திருப்பாய், விளக்கு ஏற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன். கூப்பிட்டால்தான் திரும்புகிறேன்.

நேற்று அப்படி நிற்கிறபோது ஒன்று உறைத்தது. நம் வீட்டுக் கிணற்று மேட்டில் நீயும் சாயங்காலமானால் இப்படித்தான் நிற்பாய், வடக்கே பார்த்துக்கொண்டு. ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். மழை வருகிறதா என்று பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். "மழை கிழை வருதா புள்ளே?" என்று கேட்பேன். "இல்லீங்க" என்பாய். நானும் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.



செங்கோடன்

*

கருங்காட்டுப்பாளையம்
புரட்டாசி 27

மாமாவுக்கு,

மழையும்தான் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். உங்கள் மேல் கோபத்தால் இல்லை. நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று ஒருத்தரும் யோசித்துப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் புறப்பட வேண்டாம், நான் வருகிறேன். வண்டியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கால் குலுங்காமல் கூட்டிவருவேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன்; அன்றைக்கு மேற்கேதான் சூலம், வடக்கே போகத் தடை இல்லை. ஐயரைக் கேட்காமல் நானே பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். வந்த உடனே கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு பேரும் அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம்.

நான் வருகிற நாளை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட வேண்டாம். சொன்னால் இன்றைக்கிருந்தே வேலையை எல்லாம் போட்டுவிட்டு வாசலில் நின்று தெற்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பூவாத்தாள்